கல்லில் பிறந்த நாவல்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், எடப்பாடியிலிருந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அதற்கு முந்திய கோடை விடுமுறையில் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ என்னும் நாவலை நான்கு பாகமும் விடாமல் படித்து முடித்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் கடலைப் பார்க்க ஓடினார்கள். அவளோ ஒவ்வொரு குகையாக நுழைந்து நுழைந்து வெளியே வந்தாள். கடைசியில் என்னிடம் வந்து, “ஐயா, சிவகாமியின் சிலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள்.

“சிவகாமி என்று ஒருத்தி இருந்ததற்குச் சரித்திரத்தில் சான்று இல்லை, அம்மா, அவள் கல்கியின் கற்பனை” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “அப்படியானால் நான் படித்தது அவ்வளவும் பொய்யா, ஐயா?” என்றாள். ஊர் வந்து சேரும்வரை பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று அவளுக்கு நான் சொன்ன சமாதானம் எனக்கே திருப்தி தரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

கல்கி என்று நாம் அழைக்கும் ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். நம் பக்கத்திற்கு அவர் அந்நியர் அல்லர். இராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவிலக்குப் பிரசாரத்திற்காக அங்கிருந்து 1929-ல் தொடங்கப்பெற்ற ‘விமோசனம்’ என்னும் இதழில் இராஜாஜிக்குத் துணையாக இருந்து உழைத்தவர் கல்கி. நம் ஊரிலிருந்து சங்ககிரி வழியாகப் பேருந்தில் சென்றால் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய இடம் அது. கள்ளுக்கடையை எதிர்த்துக் கதை எழுதிய அந்த இளைஞர்தான் பின்னாளில் பல்லவர் காலத்துக் கல்லுக்குக் கதை எழுதினார்.

நாவல் பிறந்த விதத்தை அவரே முன்னுரையில் கூறியிருக்கிறார். ரசிகமணி டி. கே. சி.யுடன் மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது, சுற்றிலும் இருந்த சிற்பங்கள் அவர் மனத்தில் உயிர் பெற்று நடமாடத் தொடங்கின. அந்தக் காட்சியிலிருந்து முதலில் ‘பார்த்திபன் கனவு’ பிறந்தது. பின்னர், 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ வார இதழில், ‘சிவகாமியின் சபதம்’ தொடராக வந்தது. இவ்விரண்டிலும் ஒரு விந்தை உண்டு. முதலில் எழுதிய நாவலில் நிகழ்வன காலத்தால் பிற்பட்டவை; பின்னர் எழுதியதில் நிகழ்வன முற்பட்டவை. முன்னதில் வயது முதிர்ந்த அரசராகத் தோன்றும் நரசிம்மவர்மர் பின்னதில் இளவரசராக வருகிறார். அந்த முதிய அரசரின் இளமையில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று ஆசிரியர் பின்னோக்கி நடந்து சென்றிருக்கிறார் என்றே கொள்ளலாம்.

கலையிலிருந்து நாவல் பிறப்பது உலகில் வேறிடங்களிலும் நிகழ்ந்ததுண்டு. பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹ்யூகோ, பாரிஸ் மாநகரத்து நோத்ருதாம் தேவாலயத்தை நடுவாக வைத்து 1831-ல் ஒரு நாவல் எழுதினார். அக்காலத்தில் அந்தப் பழங்கட்டடம் சிதைந்து பாராமுகமாய்க் கிடந்தது. நாவலைப் படித்த மக்கள் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். 1840-களில் அதனைச் செப்பனிடும் பணி தொடங்கிற்று. கட்டடம் நாவலைத் தந்தது. நாவல் கட்டடத்தைக் காத்தது. மாமல்லபுரத்தைத் தமிழர் வீடுதோறும் அறிந்த பெயராக்கியதில் கல்கிக்கு உள்ள பங்கும் இத்தகையதே என்பேன்.

இனி இந்த நாவல் எவ்வகையில் வழக்கத்திற்கு மாறானது என்று பார்ப்போம். தமிழில் சரித்திர நாவல் 1895-ல் சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’யோடு தொடங்குகிறது என்பர். சரித்திரக் கதை என்றால் வாசகர் எதிர்பார்ப்பது என்ன? வீரன் ஒருவன் பகைவனை வெல்வான், தன் மனத்துக்குகந்த மங்கையை மணப்பான், சுபம். கல்கியின் நாவலில் இளவரசர் மாமல்லர் பகைவனை வெல்கிறார், மங்கையை இழக்கிறார். கதையின் நடுவிடம் அரண்மனை அன்று. காஞ்சிக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் ஒரு சிற்பியின் வீடு. கதாநாயகி இளவரசி அல்லள்; உளியும் சுத்தியலும் பிடிக்கும் ஆயனரின் மகள், ஆடற்கலை பயின்றவள். வில்லனாகிய நாகநந்தி அடிகளோ அந்நூலிலேயே கலைச்சுவை மிகுந்தவருள் ஒருவர். நான்காம் பாகத்திற்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘சிதைந்த கனவு’. வெற்றியில் முடியும் ஒரு போர்க்கதைக்கு இப்படிப் பெயர் வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

கதை முழுவதையும் நான் சொல்லப் போவதில்லை. படிக்கப் போகிறவர்களின் இன்பத்தைக் கெடுக்கலாகாது. ஆயினும் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். மகேந்திர பல்லவர் முன்னிலையில் சிவகாமியின் அரங்கேற்றம் நடக்கிறது. நடுவிலேயே போர்ச் செய்தி வர, ஆட்டம் நின்று போகிறது. சாளுக்கிய மன்னன் புலிகேசி காஞ்சியை முற்றுகையிடுகிறான். குழப்பத்தினிடையே சிவகாமி பகைவர் கையில் சிக்கி வாதாபிக்குக் கொண்டு போகப்படுகிறாள். அங்கே, பிடிபட்ட தமிழ் மக்களைச் சவுக்கடியிலிருந்து காப்பதற்காக, தெருச் சந்திகளில் நின்று ஆட வேண்டிய நிலை அவளுக்கு நேர்கிறது. மாமல்லர் இந்நகரைக் கொளுத்தித் தன்னை மீட்டாலன்றி இங்கிருந்து அடி பெயர்ப்பதில்லை என்று சபதம் செய்கிறாள். அவர் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் வர மறுக்கிறாள். ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. வாதாபி எரிகிறது. சபதம் நிறைவேறுகிறது. ஆனால் அதற்குள் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து மக்களும் பெற்றுவிட்டார்.

இதில் எவ்வளவு சரித்திரம்? அந்த மாணவியின் கேள்விக்கு முதலில் இந்த இடத்தில்தான் விடை தேட வேண்டும்.

மகேந்திரவர்மர் கலைஞர் என்பது கற்பனை அன்று. விசித்திரசித்தர், சித்திரகாரப்புலி, மத்தவிலாசர் என்னும் பட்டங்கள் அவருக்கு இருந்தன. ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற வடமொழி அங்கத நாடகம் அவர் இயற்றியது. மண்டகப்பட்டுக் குகைக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் இக்கோயிலை எடுப்பித்ததாக அவர் பெருமை கொள்கிறார். போரும் உண்மையே. 634-ஐ ஒட்டிய அய்ஹோளெக் கல்வெட்டு, புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் பல்லவ வேந்தன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே மறைந்தான் என்று பாடுகிறது. பல்லவர் செப்பேடோ, மகேந்திரர் புள்ளலூரில் பகைவரை அழித்தார் என்கிறது. இரண்டு கட்சியும் தத்தம் வெற்றியை மட்டும் எழுதி வைத்திருக்கின்றன! இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் கல்கி தம் நாவலின் இரண்டாம் பாகமாகிய ‘காஞ்சி முற்றுகை’யைக் கட்டினார். 642-ஆம் ஆண்டளவில் நரசிம்மவர்மர் வாதாபியைக் கைப்பற்றியதும் ஐயத்திற்கு இடமற்றது. கர்நாடகத்தில் இன்று பாதாமி எனப்படும் அவ்வூரின் பாறையிலேயே, சிதைந்த நிலையில், அவர் கல்வெட்டு இருக்கிறது.

சேனாதிபதி பரஞ்சோதி கல்வெட்டிலிருந்து வந்தவர் அல்லர், பெரியபுராணத்திலிருந்து வந்தவர். சிறுத்தொண்ட நாயனாராக நாம் வணங்கும் அவர், முன்பு மன்னனுக்காக வாதாபித் தொன்னகரை அழித்தார் என்று சேக்கிழார் மிகச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறார். வரலாற்று நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்ட நூல் அது என்பதையும் மறத்தலாகாது. அந்தச் சிறு குறிப்பிலிருந்து ஓர் இளைஞனின் வளர்ச்சி முழுவதையும் நாவலாசிரியர் எடுத்துக் காட்டுகிறார்.

ஆயனரும் சிவகாமியும் நாகநந்தியும் முழுக்கக் கற்பனை. கல்வெட்டிலும் இல்லை, காவியத்திலும் இல்லை. ஆனால் மாமல்லபுரத்துப் பாறையைச் செதுக்கியவன் ஒருவன் இருந்தானன்றோ? அரசர் பட்டங்கள் கல்லில் நிறைந்திருக்கின்றன; இன்ன சிலையைச் செதுக்கிய கை இன்னாருடையது என்று சொல்லத்தான் வழியில்லை. அந்த வெற்றிடத்தில் கல்கி ஆயனரை நிறுத்தினார். ‘பொய்யா?’ என்று கேட்ட பெண்ணிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: பெயர் கற்பனை, ஆள் இருந்தது மெய்.

கல்கி எழுதிய காலத்து ஆராய்ச்சி முடிவுகள் சில இன்று மாறியிருக்கின்றன. இதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. மாமல்லபுரத்து வேலைகளுள் பெரும்பகுதி மாமல்லர் காலத்தவை என்று அன்று கொண்டனர். 1962-ல் அறிஞர் இரா. நாகசாமி, அவை அனைத்தும் மாமல்லரின் கொள்ளுப்பேரர் இராஜசிம்மர் காலத்தவை என்று வாதிட்டார். இந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நானும் ஒரு பிழை செய்திருக்கிறேன். சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்மர் காலத்தவை என்று பழைய நூல்களை நம்பிப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்து வந்தேன். அங்குள்ள கல்வெட்டோ, ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில் இளங்கௌதமன் என்பவர் அக்குகையைப் புதுப்பித்ததைக் கூறுகிறது. என்னிடம் படித்தவர்கள் யாரேனும் இதனைக் கேட்க நேர்ந்தால் திருத்திக்கொள்வார்களாக.

அஜந்தாவுக்கு வருவோம். நாவலில் ஆயனரை வாட்டும் ஏக்கம் ஒன்று உண்டு. அஜந்தாக் குகைகளின் ஓவியங்கள் அழியாத வண்ணம் உடையவை. அந்த வர்ணச் சேர்க்கையின் இரகசியத்தை எப்படியாவது அறிந்துவிட வேண்டும். அதற்காகவே அவர் பரஞ்சோதியை வடக்கே அனுப்ப இசைகிறார்; நாகநந்தியின் சூழ்ச்சி அந்த ஆசை வழியாகவே உள்ளே நுழைகிறது. இன்றைய இரசாயன ஆராய்ச்சி இரகசியத்தை உடைத்துவிட்டது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண். பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண். கறுப்புக்கு விளக்குக் கரி. வெண்மைக்குச் சுண்ணாம்பும் வெண்களிமண்ணும் போன்றவை. நீலம் மட்டும் தொலைவிலிருந்து வந்தது: ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல்லின் பொடி. பாறையின்மேல் மண்ணும் உமியும் நாரும் கலந்து பூசி, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சிட்டு, அது உலர்ந்தபின் பசை கலந்த வண்ணத்தால் தீட்டினார்கள். நம் வீட்டுச் சுவருக்கு மண் பூசுபவர் அறிந்த வேலைதான் அடிப்படை! அழியாத வண்ணமும் அன்று. பூச்சு உதிர்ந்து பெரும்பகுதி போய்விட்டது. அதுமட்டுமன்று, அஜந்தாவின் பிற்காலக் குகைகள் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், வாகாடகர் ஆட்சியில், முடிவுற்றன என்று இன்று ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் கருதுகின்றனர். அவ்வாறாயின், புலிகேசியின் காலத்தில் அங்கே தூரிகை ஓய்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இதனால் நாவல் கெட்டுவிட்டதா? இல்லை. வண்ணம் எதனால் ஆனது என்பது நாவலின் கேள்வி அன்று. அழியாத கலைக்காக அழியும் உயிரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் கேள்வி.

இந்தக் கண்ணோடு நாவலைத் திரும்பப் படித்தால் பல காட்சிகள் வேறு விதமாகத் தெரியும். மகள் ஆடுகிறாள், ஒரு நிலையில் அப்படியே நிற்கிறாள், தந்தை அந்த நிலையைக் கல்லில் வடிக்கிறார். முதல் வாசிப்பில் இது எவ்வளவு அழகிய குடும்பம் என்று தோன்றும். இரண்டாம் வாசிப்பில், நின்றுகொண்டே இருக்கும் அந்தப் பெண்ணுக்குக் கால் வலிக்காதா என்று தோன்றும். ஆயனர் மகளை உயிராய் நேசிக்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் அவள் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது அவருக்கு மற்ற எல்லோரையும்விடத் தாமதமாகவே தெரிகிறது. மகேந்திரரும் அப்படியே. சிவகாமியின் கலை தெய்வத்துக்குரியது, ஒரு மனிதனுக்கு மனைவியாகி அது முடங்கலாகாது என்று எண்ணுகிறார். அரச குலத்துக் கணக்கும் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. நாகநந்தி அவள் கலையின்மேல் கொண்ட மோகம் ஒரு பேரரசையே போரில் இழுத்துவிடுகிறது. வாதாபியில் புலிகேசி செய்வது இவற்றுள் மிகக் கொடியது: சவுக்கை ஓங்கிக்கொண்டு ஆடச் சொல்கிறான். ஒருவர் பாசத்தால், ஒருவர் மதிப்பால், ஒருவர் மோகத்தால், ஒருவர் ஆணவத்தால்; எல்லோரும் அவளிடம் கேட்பது ஆட்டத்தையே. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டவர் மிகச் சிலர். மாமல்லர் கேட்டார், ஆனால் அவரும் ஓர் அரசர்.

அவள் வாய் திறந்து தனக்கென்று செய்த ஒரே காரியம் அந்தச் சபதம். அதுவே ஒரு நகரத்தை எரித்து அவள் வாழ்வையும் எரித்துவிட்டது. கடைசியில் அவள் ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை ஒப்புக்கொடுத்து ஆடுகிறாள். அப்பர் பெருமானின் திருத்தாண்டகம் ஒன்றுக்கு முதற்பாகத்திலேயே அவள் அபிநயம் பிடித்து மூர்ச்சையாகிறாள். அதே பாட்டு இறுதியில் திரும்பி வருகிறது. அந்த முடிவைத் தோல்வி என்பாரும் உண்டு; பேரின்பம் என்பாரும் உண்டு. எனக்கு நாற்பது வயதில் அது பேரின்பமாகத் தோன்றிற்று. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு மண்ணுலகில் இடமில்லாதபடி எல்லோரும் சேர்ந்து செய்துவிட்டு, பின்பு அவளைத் தெய்வத்திடம் அனுப்பி வைத்தார்களோ என்ற ஐயம் வருகிறது. நீங்கள் படித்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வாரத் தொடராக வந்த கதையாதலால், மாறுவேடங்களும் சுரங்க வழிகளும் அளவுக்கு மீறி வருகின்றன. அச்சு வார்த்தாற்போல் ஒரே முகம் கொண்ட இருவரை வைத்துக் கதை நடத்துவது எனக்கு என்றுமே உவப்பானதில்லை. பௌத்தத் துறவியை ஒற்றனாக்கியதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மதத்தவர் காஞ்சியில் வளர்த்த கல்வியை அறியாத பிள்ளைகள், நாகநந்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போய்விடக்கூடும்.

இத்தகைய நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முறையேனும் கல்லைப் போய்ப் பார்க்க வேண்டும். மாமல்லபுரம் தொலைவு என்றால் நாமக்கல் இருக்கிறது. நடுவூரில் நிற்கும் ஒற்றைப் பாறையின் இரு புறமும் குடைந்த நரசிம்மர், ரங்கநாதர் குகைக் கோயில்கள், எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் குலத்தார் எடுப்பித்தவை; குணசீலன் என்னும் அதியமானின் கல்வெட்டு அங்கே உண்டு. இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மத்தையும் ஓரடியால் வானளந்த திரிவிக்கிரமனையும் பார்க்கும்போது, பாறையில் எதையும் ஒட்டிச் சேர்க்க முடியாது, நீக்க மட்டுமே முடியும் என்பதை நினைவில் வையுங்கள். ஓர் உளியடி தவறினால் மூக்குப் போய்விடும்; வேறு மூக்கு வைக்க இயலாது.

மாமல்லபுரத்தில் முடிவுறாமல் நின்றுவிட்ட பாறைகள் பல. பெரிய தவக் காட்சிச் சிற்பத்திற்கு இரண்டாம்படியாக, அதே காட்சி அரைகுறையாக நிற்கும் பாறையும் ஒன்று உண்டு. முடியாத பாறைகளில் வேலையின் முறை தெளிவாகத் தெரியும். முதலில் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கோட்டின் வழியே ஆழமாகப் பள்ளம் வெட்டுவார்கள். பின்பு நடுவில் புடைத்து நிற்கும் சதுரக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். இந்த வேலை ஏன் பாதியில் நின்றது? ஆராய்ச்சியாளரிடம் முடிந்த விடை இல்லை. நாவலிலோ, போர் வருகிறது, ஆடியவள் நிற்கிறாள், உளியும் நிற்கிறது.

அந்த மாணவி பின்னர்ப் பள்ளியிறுதி முடித்துப் போகுமுன், நாமக்கல் சுற்றுலாவுக்கும் வந்திருந்தாள். நரசிம்மர் குகையில் நெடுநேரம் நின்றாள். சிலை எது, யாருடையது என்று இம்முறை என்னைக் கேட்கவில்லை. சுவரின் ஓர் ஓரத்தில், சிற்பம் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில், உளித் தழும்புகள் அப்படியே இருந்தன. அவள் அவற்றைத் தொடாமல் விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தாள்.